தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயம்: தமிழால் நிலைத்த ஒரு கோயிலின் வரலாறு



தமிழகத்தின் மயிலாடுதுறை மாவட்டத்தில், வங்கக் கடலோரம் அமைந்த சிற்றூர் தரங்கம்பாடி. 'தரங்கம்' என்றால் அலை. அலைகள் பாடும் ஊர் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். அவ்வூரின் இராஜ வீதியில் இரண்டு பழைய கிறித்துவ ஆலயங்கள் உள்ளன. ஒன்று 1701-ஆம் ஆண்டில் டேனிஷ்காரர்கள் தங்களுக்கென எழுப்பிக்கொண்ட சீயோன் ஆலயம். மற்றொன்று 1718-ஆம் ஆண்டில் தமிழ்ச் சபைக்காகக் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயம்.

முன்னது ஆட்சியாளரின் ஆலயம். ஆட்சி, படை, வணிகம் ஆகிய மூன்றும் அதற்குத் துணையாக இருந்தன. பின்னது அடிமைகளையும் ஏழை எளியவர்களையும் கொண்டு தொடங்கிய சபையின் ஆலயம். ஆயினும் டேனியர் ஊரைவிட்டுச் சென்ற பின்னர், முன்னது தன் பழைய மொழியையும் சபையையும் இழந்து வேறொரு சபையின் கைக்கு மாறியது. பின்னது முந்நூறு ஆண்டுகளைக் கடந்தும் அதே லுத்தரன் சபையாக, அதே தமிழ் வழிபாட்டோடு விளங்குகிறது. இந்த வேறுபாடு எதனால் நேர்ந்தது? தாய்மொழிக் கல்வியை நாள்தோறும் கையாளுகின்ற நாம் எண்ணிப் பார்க்கத்தக்க வினா இது. அதற்கு விடை காணும் நோக்கில்தான் இவ்வாலயத்தின் வரலாற்றை இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

தஞ்சை நாயக்கரும் டேனியரும்

1620-ஆம் ஆண்டில் ஓவே கெட்டே என்னும் டேனிஷ் கடற்படைத் தலைவர் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியைப் பெற்றார். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஏட்டில் தமிழில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் கோப்பன்ஹேகனில் பாதுகாக்கப்படுகிறது. கடற்கரையில் டான்ஸ்போர்க் என்னும் கோட்டை எழுந்தது. மிளகு முதலிய பொருள்களின் வணிகமே டேனியரின் குறிக்கோள். முதல் எண்பத்தைந்து ஆண்டுகள் வரையில் உள்ளூர் மக்களின் சமயத்தைப் பற்றியோ மொழியைப் பற்றியோ அவர்கள் பெரிதும் அக்கறை கொண்டதில்லை.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக். அவருடைய ஆணையின் பேரில் சீகன்பால்க், புளூட்சோ என்னும் இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையில் வந்திறங்கினர். பர்த்தலோமேயு சீகன்பால்க் 1682-இல் ஜெர்மனியின் புல்ஸ்னிட்ஸ் என்னும் ஊரில் பிறந்தவர். தரங்கம்பாடிக்கு வந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்து நான்கு.

மன்னரின் முத்திரையோடு வந்தவர்களாயினும் உள்ளூர் டேனிஷ் அதிகாரிகள் அவர்களை வரவேற்கவில்லை. மக்களோடு கலந்து பழகும் போதகர்களால் வணிகத்துக்கு இடையூறு நேரும் என்று அவர்கள் அஞ்சினர். அந்த அச்சம் நாளடைவில் பகையாக முற்றியது. ஏழைக் கைம்பெண் ஒருவரின் வழக்கில் சீகன்பால்க் தலையிட்டதை ஒட்டி, தளபதி ஹசியஸ் 1708-ஆம் ஆண்டின் இறுதியில் அவரைக் கோட்டைச் சிறையில் அடைத்தார். நான்கு மாதங்களுக்கு மேல் அவர் அங்கே அடைபட்டுக் கிடந்தார். கிறித்துவ அரசே கிறித்துவப் போதகரைச் சிறையிட்டது என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும். இச்சபை அரசின் நிழலில் வளர்ந்தது என்று சொல்வது முழு உண்மையாகாது.

மணலில் அகரம் எழுதிய போதகர்

சீகன்பால்க் தமிழ் கற்ற முறை ஆசிரியர்களாகிய நமக்கு மிகவும் சுவையானது. அந்நாளில் தமிழைக் கற்பிக்கும் அச்சு நூல் எதுவும் அவர் கைக்கு எட்டவில்லை. எனவே முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை அணுகி, அவருடைய பள்ளியைத் தம் இல்லத்திலேயே நடத்தும்படி வேண்டிக்கொண்டார். ஆசிரியர் இசைந்தார். சின்னஞ்சிறு பிள்ளைகளோடு இரு ஐரோப்பியர்களும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை வரைந்து, பிள்ளைகள் ஓதியவாறே தாங்களும் ஓதிக் கற்றனர்.

கற்பிக்க வந்தவர் முதலில் கற்றுக்கொள்ள அமர்ந்தார். இவ்வாலயத்தின் வரலாறு மறையுரை மேடையிலிருந்து தொடங்கவில்லை. மணற்பரப்பில் எழுதிய அகரத்திலிருந்தே தொடங்குகிறது.

எழுத்து பழகிய பின்னர் அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளர் அவருக்கு உதவினார். கும்பினியில் பணியாற்றி ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்திருந்தவர் அவர். சீகன்பால்க் ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். அவற்றைப் படித்துக் காட்டவும் விளக்கவும் அறிஞர்களை அமர்த்திக்கொண்டார். 1708-ஆம் ஆண்டிலேயே தாம் திரட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைப் பற்றிக் குறிப்புகளோடு ஒரு பட்டியல் வரைந்து அனுப்பினார். தமிழ் நூல்களுக்கு ஐரோப்பியர் ஒருவர் வரைந்த மிகப் பழைய விரிவான பட்டியல்களுள் அது ஒன்று.

நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு மகிழ்வூட்டும் செய்தி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நாம் செய்யுள் பகுதியில் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோமே, அந்தக் கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் சீகன்பால்க் 1708-இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நம் ஏழு வயதுக் குழந்தை மனனம் செய்யும் அடிகளைத் தமிழரின் அறவுணர்வுக்குச் சான்றாக அவர் ஐரோப்பியருக்கு எடுத்துக்காட்டினார்.

அவர் மதம் பரப்ப வந்தவர். அதை மறைக்கவோ மறுக்கவோ வேண்டியதில்லை. தமிழரின் சமய வழிபாட்டைக் கடுமையாகக் குறைகூறியும் எழுதியிருக்கிறார். ஆயினும் தாம் மறுக்க வந்ததை முதலில் படித்தறிய வேண்டும் என்னும் நேர்மை அவரிடம் இருந்தது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் எழுதி முடித்த பெருநூலை ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் இருந்த மேலோர் அச்சிட விரும்பவில்லை. அவருடைய பணி பிற சமயத்தை அகற்றுவதே தவிர அதைப் பற்றி ஐரோப்பாவில் எழுதிப் பரப்புவதன்று என்பது அவர்கள் கருத்து. அந்நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது.

ஆலயமும் பள்ளியும்

1707-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் ஐவர் முதன்முதலாகத் திருமுழுக்குப் பெற்றனர். அவர்கள் டேனிஷ் வீடுகளில் இருந்த அடிமைகள். அந்நிகழ்வு சீயோன் ஆலயத்தில்தான் நடந்தது. ஆனால் புதிய சபைக்கெனத் தனி இடம் தேவைப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. அங்கே தமிழிலும் போர்த்துகீசிய மொழியிலும் வழிபாடு நிகழ்ந்தது. அந்நாளில் கடற்கரை ஊர்களில் ஐரோப்பியக் கலப்புக் குடும்பத்தினரும் பணியாளர் பலரும் போர்த்துகீசிய மொழியையே பேசினர் என்பதால் இந்த ஏற்பாடு. டேனிஷ் மன்னரின் பொருளுதவியோடு, ஜெர்மானியர் நடத்திய சபையில், டேனிஷும் ஜெர்மனும் வழிபாட்டு மொழிகளாக அமையவில்லை என்பது நோக்கத்தக்கது.

ஆலயத்தோடு பள்ளியும் எழுந்தது. தமிழ்ப் பள்ளி, போர்த்துகீசியப் பள்ளி என இரண்டு நடந்தன. சில ஆண்டுகளுக்குள் பெண் பிள்ளைகளுக்கும் தனியாகக் கல்வி அளிக்கப்பட்டது. பெண்ணுக்கு எழுத்தறிவு எதற்கு என்று பரவலாகக் கருதப்பட்ட காலம் அது. ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் பள்ளியிலேயே கிடைத்தன.

1716-ஆம் ஆண்டில் உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் பயிற்றுவிப்பதற்கென ஒரு பயிற்சிப் பள்ளியும் தொடங்கப்பட்டது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்று வெளிவந்த நம்மில் பலருக்கு இச்செய்தி தனிச்சிறப்புடையதாகத் தோன்றும். பள்ளியைத் திறந்தால் போதாது, அதற்குரிய ஆசிரியரை உருவாக்கவும் வேண்டும் என்னும் தெளிவு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அச்சிற்றூரில் இருந்திருக்கிறது.

அச்சகம் வந்த கதை

தமிழ் முதன்முதலில் அச்சேறியது தரங்கம்பாடியில் என்று சிலர் எழுதுவதுண்டு. அது பிழை. 1578-ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில், போர்த்துகீசியக் குருவான அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. ஆனால் அந்த முயற்சி நீடித்து நிலைக்கவில்லை. தரங்கம்பாடியின் சிறப்பு, அச்சுத் தொழில் அங்கே வேரூன்றித் தொடர்ந்து நடந்தது என்பதே.

இலண்டனில் இருந்த கிறித்துவ அறிவு வளர்ச்சிச் சங்கம் ஓர் அச்சுப்பொறியை அனுப்பி உதவியது. ஹாலே நகரத்தில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்து சேர்ந்தன. அவை உருவில் மிகப் பெரியவையாக இருந்தமையால் தாள் ஏராளமாகச் செலவாயிற்று. எனவே சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தனர். தாள் தட்டுப்பாட்டைத் தீர்க்க அருகில் உள்ள பொறையாற்றில் தாள் பட்டறை ஒன்றும் அமைத்தனர். அப்பகுதி கடுதாசிப்பட்டறை என்றே பெயர் பெற்றது.

1714-இல் நான்கு நற்செய்தி நூல்களும் திருத்தூதர் பணிகளும் அச்சாயின. 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் நிறைவெய்தியது. இந்திய மொழி ஒன்றில் முழுமையாக அச்சான முதல் புதிய ஏற்பாடு இதுவே. பழைய ஏற்பாட்டில் ரூத்து ஆகமம் வரையில் சீகன்பால்க் பெயர்த்தார். எஞ்சியதை அவருக்குப் பின்வந்த பெஞ்சமின் சூல்ட்ஸ் நிறைவு செய்தார்.

1718: புதிய எருசலேம்

சபை வளர்ந்ததால் பழைய ஆலயம் போதாமற் போயிற்று. 1717-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினர். 1718-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் அது படைக்கப்பட்டது. மேலிருந்து நோக்கினால் சிலுவை வடிவில் அமைந்த கட்டடம் அது. முகப்பில் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் முடியும் பெயர்ச் சின்னமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

அவ்வாலயத்தில் சீகன்பால்க் பணியாற்றியது நான்கு மாதங்களே. 1719-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், தம் முப்பத்தாறாம் வயதில் அவர் மறைந்தார். அவருடைய உடல் புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டது. மறு ஆண்டில் காலமான அவருடைய உடனூழியர் கிரண்ட்லரும் அங்கேயே அடக்கமானார்.

தலைவர்கள் இருவரும் அடுத்தடுத்து மறைந்தால் ஒரு சிறிய சபை கலைந்துபோவது இயல்பு. இச்சபை கலையவில்லை. ஏனெனில் அதற்குள் தமிழில் படிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை உருவாகிவிட்டது. கையில் நூல் இருந்தது. கற்பிக்க உள்ளூர் ஆசிரியர்கள் இருந்தனர். 1733-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் கடலூரைச் சேர்ந்த ஆரோன் என்பவர் குருப்பட்டம் பெற்றார். திருமுழுக்குக்கு முன்னர் ஆறுமுகம் என்னும் பெயர் கொண்டிருந்த அவரே இந்தியாவின் முதல் லுத்தரன் உள்நாட்டுக் குரு.

ஆலயத்துக்குள் கிடந்த கோடு

இதுவரை கூறியவற்றை மட்டும் சொல்லி நிறுத்தினால் வரலாறு புகழுரையாகிவிடும். பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லும் நாம் கசப்பான பக்கத்தையும் திறந்து காட்டுதல் வேண்டும்.

புதிய எருசலேம் ஆலயத்தில் சாதி உள்ளே நுழைந்துவிட்டது. மேல்சாதியார் எனப்பட்டோரும் பறையர் எனப்பட்டோரும் ஒரே கூரையின் கீழ்த் தனித்தனியே அமர்ந்தே வழிபட்டனர். இந்த ஏற்பாட்டை மிஷனரிகள் பொறுத்துக்கொண்டனர்.

இராஜநாயக்கன் என்பவரின் கதை இதனை மேலும் தெளிவாக்கும். தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றியவர் அவர். பறையர் குலத்தில் பிறந்தவர். தமிழில் அச்சான நூலைப் படித்து, அதனால் ஈர்க்கப்பட்டுத் தரங்கம்பாடிச் சபையை நாடி வந்தார். உபதேசியாராக நெடுங்காலம் உழைத்தார். குருப்பட்டத்துக்கு அவர் பெயரும் எண்ணப்பட்டது. ஆனால் அவர் கையால் திருவிருந்து பெற மேல்சாதிக் கிறித்துவர் தயங்குவர் என்னும் காரணத்தால் 1741-இல் தியோகு என்னும் வேறொருவருக்கே அப்பட்டம் அளிக்கப்பட்டது.

எண்ணிப் பாருங்கள். அச்சகம் எழுத்தை எல்லார் கைக்கும் கொண்டு சேர்த்தது. அந்த எழுத்தைப் படித்து வந்தவரையே ஆலயம் பலிபீடத்துக்கு வெளியே நிறுத்தியது. கல்வி திறந்த கதவை வழக்கம் மூடிற்று. அவர் உழைப்பில் குறை இருந்ததாக எவரும் கூறவில்லை. அவர் பிறப்பு ஒன்றே தடையாயிற்று.

மொழி ஒரு சபையை நிலைக்கச் செய்யும். ஆனால் மொழி மட்டுமே அதனை நேர்மையுடையதாக ஆக்கிவிடாது. நம் வகுப்பறையில் எந்தப் பிள்ளையை முன்வரிசையில் அமர்த்துகிறோம், யாரை மேடையேற்றுகிறோம், யாரைப் பின்வரிசையிலேயே விட்டுவிடுகிறோம் என்பதைத் தற்சோதனை செய்ய இராஜநாயக்கன் வரலாறு நம்மை வற்புறுத்துகிறது.

டேனியர் விடைபெற்ற பின்

1845-ஆம் ஆண்டில் டென்மார்க் அரசு தரங்கம்பாடியையும் வங்காளத்தில் உள்ள சீராம்பூரையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கும்பினியிடம் விற்றுவிட்டது. துறைமுகம் பொலிவிழந்தது. 1861-இல் நாகப்பட்டினத்துக்கு இருப்புப் பாதை வந்தபின் வணிகம் அப்பக்கம் திரும்பியது. டேனிஷ் குடும்பங்கள் அகன்றன. சீயோன் ஆலயம் ஆங்கிலிகன் சபையாரிடம் சென்று, பின்னர்த் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்ததாயிற்று. அங்கே டேனிஷ் மொழியில் வழிபட ஒருவரும் எஞ்சவில்லை.

புதிய எருசலேம் சபைக்கும் நலிவுக் காலம் வந்தது. பொருளுதவி குறைந்தது, போதகர்களும் குறைந்தனர். 1841-இல் ஜெர்மனியிலிருந்து கோர்டஸ் என்பவர் வந்து பணியை மீட்டெடுத்தார். பின்னர் லைப்சிக் மிஷன் அதனை வளர்த்தது. 1919-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன்னாட்சியுடைய சபையாக உருப்பெற்றது. 1956-இல் இராஜா மாணிக்கம் அதன் முதல் தமிழ்ப் பேராயரானார். பேராயரின் அலுவலகம் திருச்சியில் அமைந்திருந்தாலும் 'தரங்கைப் பேராயர்' என்பதே இன்றும் அப்பதவியின் பெயர்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தரங்கம்பாடியைத் தாக்கிப் பல உயிர்களைக் கவர்ந்தது. ஆலயமும் சேதமுற்றது. செப்பனிடப்பட்ட அவ்வாலயம், சீகன்பால்க் வந்திறங்கிய முந்நூறாம் ஆண்டாகிய 2006-இல் மீண்டும் படைக்கப்பட்டது.

நம் நாட்டோடு உள்ள தொடர்பு

இவ்வரலாறு கடலுக்கு அப்பால் நின்றுவிடவில்லை. மலாயாவின் தோட்டங்களுக்கும் இரயில்வேக்கும் பிழைப்பு நாடி வந்த தமிழருள் லுத்தரன் சபையினரும் இருந்தனர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் 1924-இல் எழுந்த சீயோன் லுத்தரன் ஆலயம் அவர்களால் உருவானதே. தரங்கம்பாடியில் ஆட்சியாளர் ஆலயத்துக்கு இருந்த அதே பெயர், இங்கே தமிழ்த் தொழிலாளரின் ஆலயத்துக்கு வாய்த்தது.

மற்றொரு தொடர்பும் உண்டு. நம் நாட்டில் தமிழ்க்கல்வியின் தொடக்கமாக நாம் கொண்டாடுவது 1816-ஆம் ஆண்டு. பினாங்கு பிரீ ஸ்கூலைத் தொடங்கிய ஹட்சிங்ஸ் என்பவரும் ஒரு கிறித்துவப் போதகரே. தரங்கம்பாடியில் ஆசிரியர் பயிற்சி தொடங்கிச் சரியாக நூறு ஆண்டுகள் கழிந்து அது நிகழ்ந்தது. இவ்விரண்டு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று நான் கூறவில்லை. ஆயினும் பிள்ளையின் மொழியிலேயே கல்வி தொடங்க வேண்டும் என்னும் கருத்து இரண்டிலும் இருந்தது.

வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் கற்பிக்கும்போது, அவை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஜெர்மன் மொழிக்குச் சென்றதை மாணவர்களிடம் கூறுங்கள். தாங்கள் மனனம் செய்வதன் மதிப்பை அவர்கள் உணர்வர். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு தட்டில் மணல் பரப்பி எழுத்து வரையச் செய்யுங்கள். வரலாற்றுச் செய்தியும் எழுத்துப் பயிற்சியும் ஒருங்கே அமையும். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இராஜநாயக்கன் வரலாற்றைச் சொல்லி, அது முறையா என்று கலந்துரையாடச் செய்யுங்கள். பெற்றோர்களும் தங்கள் ஊரிலுள்ள பழைய கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, முகப்பில் பொறித்த ஆண்டைப் படிக்கச் சொல்லலாம். ஒவ்வோர் ஆண்டுக்குப் பின்னும் ஒரு வரலாறு இருக்கும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். சீயோன் ஆலயம் கோட்டையை நம்பியிருந்தது. கோட்டை விற்கப்பட்டதும் அதன் சபையும் மறைந்தது. புதிய எருசலேம் ஆலயம் பள்ளியையும் நூலையும் உள்ளூர் மக்களின் மொழியையும் நம்பியிருந்தது. அவை விற்பனைக்குரியவை அல்ல. தமிழ்ப்பள்ளிகளின் எதிர்காலம் குறித்துக் கவலைப்படும் நாம் கட்டடங்களுக்கு நிதி திரட்டுவதோடு நின்றுவிடலாகாது. பிள்ளை தமிழில் படிக்கவும் எழுதவும் எண்ணவும் வல்லவனாக வேண்டும். எந்தப் பிள்ளையையும் ஒதுக்காத வகுப்பறையும் வேண்டும். தரங்கம்பாடி முன்னதைச் செய்து காட்டியது, பின்னதில் தவறியது. இரண்டையும் செய்து முடிக்கும் பொறுப்பு நம்முடையது.

அன்புடன்,
தமிழ்ப்பணியில் உங்களோடு இணைந்த ஓர் ஆசிரியர்